நட்சத்திரம் கேட்டு வந்தவர்கள்: மாணவர் வானோக்கு மன்றத்தின் 2025 ஆண்டறிக்கை

அவைத் தலைவர் அவர்களுக்கும், ஆலோசகராக நம்மைத் தாங்கிவரும் பேராசிரியர் அவர்களுக்கும், மதுரையின் பல கல்லூரிகளிலிருந்து வந்து சேர்ந்த உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது, முன்னாள் செயலாளர் அண்ணன் ஒரே ஓர் அறிவுரைதான் சொன்னார்: "அறிக்கையைச் சுருக்கமாக எழுது." அதைக் காப்பாற்ற முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை பார்வையாளர்கள் என்ற அட்டவணை இந்த ஆண்டு அறிக்கையில் இல்லை. முந்தைய அறிக்கைகளில் இருந்தது. அந்த எண்கள் எப்படி வந்தன என்று பழைய செயலாளர்களைக் கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். இருட்டில் தலை எண்ண முடியாது. ஒரே பையன் வரிசையில் ஐந்து முறை வந்து நின்றால் அவனை ஒருவனாக எழுதுவதா, ஐந்து பேராக எழுதுவதா? எண்ணிக்கைக்குப் பதிலாக நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் நம் உடைமைகள். எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று, பகலில் சூரியனைத் தாளில் விழச் செய்து காட்டுவதற்கான சிறிய வில்லைத் தொலைநோக்கி ஒன்று, பைனாகுலர் இரண்டு. பெரியது நமக்கு முன்னால் படித்தவர்கள் கூட்டாகச் செய்தது. மரப்பலகை, டெஃப்லான் துண்டு, நடுவில் ஓர் ஆணி. இவற்றின் மேல் எந்தப் பக்கமும் வழுக்கித் திரும்பும் ஒரு குழாய். இந்த அமைப்பைப் பரப்பிய ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்துத் துறவியாக இருந்தவர் என்பது புதிய உறுப்பினர்கள் பலருக்குத் தெரியவில்லை. வேண்டாத கண்ணாடியைக் கையால் தேய்த்துத் தொலைநோக்கி செய்து, தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். அடிக்கடி மடத்தில் ஆளைக் காணவில்லை என்பதால் 1967-இல் வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டே நண்பர்களோடு சேர்ந்து நடைபாதை வானியல் குழுவைத் தொடங்கினார். நம் மன்றத்தில் இரவு நிகழ்ச்சிகளால் வருகைப்பதிவு குறைந்துபோனவர்கள் இவரை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

ஆண்டின் தொடக்கம் தெப்பக்குளத்தில். பொங்கல் விடுமுறையை ஒட்டிய சனிக்கிழமை, சனவரி 18. அன்று மாலை மேற்கே வெள்ளியும் சனியும் அருகருகே நின்றன. தலைக்கு மேல் ரோகிணிக்குப் பக்கத்தில் வியாழன். கிழக்கே புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களோடு செவ்வாய். இரண்டு நாள் முன்புதான் செவ்வாய் சூரியனுக்கு நேரெதிரே வந்திருந்தது. தொலைக்காட்சிகள் "கோள்களின் அணிவகுப்பு" என்று ஒரு வாரமாக முழங்கிக்கொண்டிருந்தன. வந்தவர்களில் பாதிப் பேர், நூலில் கோத்த மணிபோலக் கோள்கள் வரிசையாகத் தொங்கும் என்று எதிர்பார்த்து வந்திருந்தார்கள். குளத்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரைக்கும் கையை நீட்டி, "இங்கே ஒன்று, அங்கே ஒன்று" என்று காட்டியபோது முகங்கள் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே.

வெள்ளியைக் காட்டியபோது வேறொரு சிக்கல். அந்த வாரம் வெள்ளி தொலைநோக்கியில் சரிபாதி நிலாவாகத் தெரிந்தது. மகனைத் தோளில் தூக்கிவந்த ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, இது நிலா. எங்களை ஏமாற்றுகிறீர்கள்" என்றார். நிலா அப்போது எழவேயில்லை. நம் உறுப்பினர் வெள்ளி சூரியனைச் சுற்றுவதையும் 1610-இல் கலிலியோ இதையே பார்த்ததையும் சொல்லத் தொடங்க, வரிசை பின்னால் நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஒரு சிறுமிதான் தீர்த்து வைத்தாள். குழல் நோக்கும் திசையில் விரலை நீட்டி, "அங்கே வெள்ளிதான் இருக்கிறது, நிலா இல்லை. மேலே பாருங்கள் மாமா" என்றாள். அவர் மேலே பார்த்தார், குழலில் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். அதற்குப் பிறகு அவரை வரிசையிலிருந்து நகர்த்துவதே பெரும்பாடாகிவிட்டது.

அன்றைய இரவில் நடந்த இன்னொன்றுதான் ஆண்டு முழுவதும் எங்களை இழுத்துக்கொண்டு போனது. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் தொலைநோக்கி பக்கமே வராமல் என்னிடம் வந்து, "என் மகளுக்குத் திருவாதிரை. அது எது என்று காட்ட முடியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பீட்டல்ஜூஸ் ஒரு சிவப்புப் பெருமீன் என்பது தெரியும். அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும் என்பது தெரியும். அதுதான் திருவாதிரை என்பது தெரியவில்லை. பக்கத்தில் நின்ற முதலாண்டுத் தம்பி கிழக்கே கையைக் காட்டி, "அந்தச் செம்மஞ்சள் மீன்தான் அம்மா" என்றான். அவன் தாத்தா பஞ்சாங்கம் பார்ப்பவராம். அந்த அம்மா கைப்பேசியை எடுத்து மகளை அழைத்தார். "உன் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாடிக்குப் போ. கிழக்கே பார். சிவப்பாக இருக்கிறது." மகள் திருப்பூரில் இருந்தாராம். இருவரும் ஒரே மீனைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். தொலைநோக்கியை அவர் கடைசிவரை தொடவேயில்லை.

மறுவாரச் செயற்குழுவில் இது பெரிய வாக்குவாதமாக வெடித்தது. இனி விண்மீன்களை நட்சத்திரப் பெயராலேயே அழைக்கலாம் என்றேன். பொருளாளர் கடுமையாக எதிர்த்தார். "இன்று திருவாதிரை எது என்று கேட்பார்கள், நாளைக்கு இந்த மாதம் திருவாதிரைக்கு எப்படி என்று கேட்பார்கள். நாம் வானியலை வளர்க்கிறோமா, சோதிடத்துக்கு விளம்பரம் செய்கிறோமா?" அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பின்னால் அப்படியே நடந்தது. இரண்டு மணிநேரப் பேச்சுக்குப் பிறகு ஒரு விதி வகுத்தோம். உலகப் பெயர், தமிழ்ப் பெயர் இரண்டையும் சொல்வது. பலன் கேட்டால், "அது எங்கே இருக்கிறது என்று காட்டுவோம் அம்மா, என்ன செய்யும் என்பது எங்கள் பாடத்தில் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது, சிரிக்கக் கூடாது, வாதாடக் கூடாது. பொருளாளர் தம் எதிர்ப்பைக் குறிப்பேட்டில் பதியச் சொன்னார். பதிந்திருக்கிறேன்.

இதில் நமக்கு முன்னோடி உண்டு என்பதை அன்று ஆலோசகர் நினைவூட்டினார். சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867-இல் ரெட்டிகுலம் என்ற விண்மீன் மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன நிகழ்வு, எப்படிப் பார்ப்பது என்று பொதுமக்களுக்கு விளக்கிச் சிறுநூல் எழுதி, ஆங்கிலத்தில் மட்டும் நிற்காமல் இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். பஞ்சாங்கக் கணக்கும் தொலைநோக்கிக் கணக்கும் அவருக்கு இரண்டுமே கைவந்தவை. பஞ்சாங்கத்தைத் திருத்த முனைந்தார். பஞ்சாங்கம் பார்ப்பவர்களைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை.

விதி நடைமுறைக்கு வந்ததும் நிகழ்ச்சியின் தன்மையே மாறிவிட்டது. முன்பெல்லாம் மக்கள் வரிசையில் நின்று, பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது ஒவ்வொருவரும் ஒரு கேள்வியோடு வருகிறார்கள்: "என்னுடையது எங்கே?" மகத்தைக் கேட்டால் சிம்மத்தின் அடியில் பளிச்சென்று காட்டலாம். சித்திரை, சுவாதி, கேட்டை எல்லாம் சுலபம். கார்த்திகைக்காரர்களுக்குப் பைனாகுலரைக் கொடுத்தால் கண்ணை எடுக்கவே மாட்டார்கள். பூசக்காரர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள். வெறும் கண்ணுக்கு அங்கே மங்கலான புகைத்திட்டு. குழலைத் திருப்பினால் கொட்டிவைத்த நொய்யரிசி மாதிரி விண்மீன் கூட்டம்.

மாட்டிக்கொண்டது ரேவதியில். கண்மாய்க் கரை நிகழ்ச்சிகளுக்கு நாம் கூடும் இடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவருக்கு ரேவதி நட்சத்திரம். மார்ச் முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டார். ரேவதிக்குரிய விண்மீன் மீன மண்டலத்தில் இருக்கிறது, ஐந்தாம் ஒளித்தரத்துக்கும் கீழே. ஊருக்கு வெளியே நல்ல இருட்டில் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். டீக்கடைக்கு நேர்மேலே நிற்பதோ புதிதாக நட்ட ஹைமாஸ்ட் விளக்கு. "அண்ணே, உங்கள் நட்சத்திரம் இப்போது மேற்கே இறங்கிவிட்டது, ஆண்டுக் கடைசியில் காட்டுகிறோம்" என்று சமாளித்தோம். "எல்லாருக்கும் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லையா?" என்றார். அன்றைக்கு டீக்குக் காசு வாங்கிக்கொண்டார். வழக்கமாக வாங்க மாட்டார்.

அந்த விளக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி நடக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் அணைத்து வைக்க அனுமதி கேட்டு, உரிய அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொடுத்தோம். எந்த அலுவலகம் என்று எழுத வேண்டாமென்று தலைவர் சொல்லியிருக்கிறார். அவர்கள் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கிருந்தவர்கள் முதல் அலுவலகத்தையே காட்டினார்கள். ஒருவர் மட்டும் அக்கறையாகக் கேட்டார்: "இருட்டில் நின்று என்ன பார்ப்பீர்கள்?" இருட்டில்தான் பார்க்க முடியும் ஐயா என்று எழுதிக் கொடுத்தோம். ஆண்டு முடியும் வரை பதில் வரவில்லை.

பிப்ரவரியில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போய்வந்தோம். 1899-இல் நிறுவியது, 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான். நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். பயணத்தின் மிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, குளிர்.

ஆனால் திரும்பி வந்ததும் பகல்நேரச் சூரியக் காட்சிகளைக் கூட்ட வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. காரணம் சூரியன் அல்ல, விடுதி. நம் உறுப்பினர்களில் பெண்கள் பாதிக்கு மேல். பல விடுதிகளில் மாலையிலேயே வாசல் மூடிவிடுகிறார்கள். வானம் இருட்டும் நேரம் வாசல் பூட்டும் நேரம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கடிதம், காப்பாளர் கையெழுத்து, பெற்றோர் கைப்பேசி அழைப்பு. ஆண்களுக்கு இதில் ஒன்றுமே தேவைப்படவில்லை. வீட்டிலிருந்து வரும் என்னைப் போன்ற சிலரும் ஆண் உறுப்பினர்களுமே இரவு நிகழ்ச்சிகளில் மிஞ்சினோம். இதை ஆலோசகரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்; இந்தப் பொதுக்குழு தீர்மானமாகவும் நிறைவேற்ற வேண்டுகிறேன்.

பகல் காட்சிகளை முழுக்க விடுதி மாணவிகளே நடத்தினார்கள். அரசுப் பள்ளி வளாகங்களில் சிறு தொலைநோக்கியை நிறுத்தி, வெள்ளை அட்டையில் சூரியனை விழ வைத்தார்கள். சூரியச் செயல்பாடு உச்சத்தை ஒட்டிய காலம் என்பதால் புள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. அட்டையில் கறுப்புப் பொட்டாகத் தெரிந்த ஒன்றைக் காட்டி, "இதற்குள் பூமியைப் போட்டுவிடலாம்" என்றதும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அட்டையைத் துடைத்துப் பார்த்தாள், தூசியோ என்று. நல்ல பிள்ளை. சோதித்துப் பார்க்காமல் நம்பவில்லை.

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பகல் காட்சியில் குழலின் பக்கத்தில் குறிபார்க்க வைத்திருக்கும் சிறு தொலைநோக்கியை, அதாவது ஃபைண்டரை, மூடிவைக்க நான் மறந்துவிட்டேன். குனிந்து திருகைச் சரிசெய்துகொண்டிருந்தபோது துப்பட்டாவில் புகை வந்தது. ஐந்து காசு அளவில் ஓட்டை. கண்ணாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. அந்தத் துப்பட்டாவை மன்ற அலமாரியில் மாட்டியிருக்கிறேன். சூரியக் காட்சிக்குக் கிளம்பும் ஒவ்வொருவரும் முதலில் அதைப் பார்த்துவிட்டு, ஃபைண்டர் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

சித்திரை பிறந்த ஓரிரு நாளில் மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சென்னைக்கு அது ஏப்ரல் 24 வரை காத்திருக்க வேண்டும். கடிகாரப் பன்னிரண்டுக்கு அல்ல, ஏறத்தாழ 12.17-க்கு. இந்திய நேரத்தை 82.5 பாகைத் தீர்க்கரேகைக்குக் கணக்கிடுகிறார்கள், நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம் என்பதால் இந்தப் பதினேழு நிமிடம். எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தோம். நிழல் சுருங்கிச் சுருங்கி டம்ளருக்குள்ளேயே போய்விட்டது. கருவி எதுவும் வேண்டாத இந்த நிகழ்ச்சிக்கு நம் மாணவர்களே அதிகம் வரவில்லை என்பது வருத்தம். வெயில் ஒரு காரணம், பருவத்தேர்வு இன்னொரு காரணம்.

சித்திரைத் திருவிழாவில் பௌர்ணமிக்கு முந்தைய இரவுகளில் ஒன்றில் வைகைக் கரைக்கு அருகே குழலை இறக்கினோம். முழுநிலாவை ஒட்டிய நாளில் விண்மீன் பார்ப்பது வீண் என்பது எல்லோருக்கும் தெரியும். நிலாவிலும் நிழல் விழாததால் பள்ளங்கள் எடுப்பாகத் தெரியாது. இருந்தாலும் இந்த மாதத்துக்குச் சித்திரை என்று ஏன் பெயர் என்பதை நிலாவும் சித்திரை விண்மீனும் பக்கத்தில் நிற்கும்போதே காட்டிவிடலாம் என்று போனோம். கூட்டம் எங்களைக் குழலோடு சேர்த்து நூறடி தள்ளிக்கொண்டு போய்விட்டது. அடுத்த ஆண்டு இதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. பொருளாளரும் நானும் ஒத்துப்போன அரிய விஷயங்களில் ஒன்று.

அதே மே மாதத்தில் வடக்கே அருந்ததி. புதிதாகத் திருமணமான இணை ஒன்று கண்மாய்க் கரைக்கு வந்திருந்தது. முகூர்த்தத்தன்று பட்டப்பகலில் மண்டபக் கூரையைக் காட்டி, "தெரிகிறதா?" என்று கேட்டார்களாம், இருவரும் "தெரிகிறது" என்று சொல்லிவிட்டார்களாம். உண்மையில் இப்போதுதான் பார்த்தார்கள். வசிட்டரும் அருந்ததியும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரிந்தன. குழலில் வசிட்டரே இரண்டாகப் பிரிந்ததும் அந்தப் பெண், "இவர் யார் நடுவில்?" என்று கேட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

சூன், சூலை மாதங்களில் மேகமும் தேர்வு முடிவுகளும். சூலை முதல் நாள் கண்டறியப்பட்ட 3ஐ/அட்லஸ் என்ற வால்வெள்ளி, வேறொரு விண்மீனிடமிருந்து வந்து நம் சூரியனைக் கடந்து போகும் மூன்றாவது பொருள். அது வேற்றுக்கோள் வாசிகளின் கப்பல் என்று வாட்ஸ்அப்பில் பரவ, அதன் பிறகு நடந்த எல்லா நிகழ்ச்சிகளிலும் அதைக் காட்டச் சொன்னார்கள். நம் எட்டு அங்குலக் குழலில் காட்டத்தக்க பொருளாக அது இல்லை. "மறைக்கிறீர்கள்" என்றார் ஒருவர். ஆகஸ்ட் 12 விடியலில் வெள்ளியும் வியாழனும் ஒரு பாகைக்குள் நெருங்கி நின்றதைத் தெப்பக்குளத்தில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் காட்டினோம். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வந்த மூன்று உறுப்பினர்களுக்கும் மன்றத்தின் நன்றி. மற்றவர்கள் யாரென்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 7, ஞாயிறு. இந்த ஆண்டின் பெரிய இரவு. முழு சந்திர கிரகணம், தொடக்கம் முதல் முடிவு வரை நம் தலைக்கு மேலேயே. 9.57-க்குப் பிடித்து, 11.01-க்கு முழுதாக மறைந்து, 82 நிமிடம் செம்பு நிறத்தில் நின்று, 1.26-க்கு விட்டது. கண்மாய்க் கரையில் பாய் விரித்து, அண்டா நிறையச் சுண்டலும் வைத்திருந்தோம். கிரகண நேரத்தில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று காட்டுவது நோக்கம். மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவை விலகும்போதும் கரை முழுவதும் ஒரே கூச்சல்.

ஊர்க்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், ஆனால் சுண்டலைத் தொடவில்லை. பிள்ளைகள் எடுத்தால் தாய்மார் கையைத் தட்டிவிட்டார்கள். முன்வரிசைப் பாயில் ஓர் அப்பத்தா உட்கார்ந்திருந்தார். நம் உறுப்பினர் ஒருத்தி பக்கத்தில் அமர்ந்து, "அப்பத்தா, நிலாவின் மேல் விழும் இருட்டின் ஓரத்தைப் பாருங்கள். வளைவாக இருக்கிறதா? அது பூமியின் நிழல். பூமி உருண்டை என்பதால் நிழலும் வட்டமாக விழுகிறது. பாம்பு விழுங்கினால் அப்படி இருக்குமா?" என்று கேட்டாள். அரிஸ்டாட்டில் காலத்து வாதம். நாங்கள் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தது. அப்பத்தா நிதானமாக மேலே பார்த்தார். "பாம்பின் வாயும் வட்டமாகத்தானே தாயி இருக்கும்?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை.

முழுதாக மறைந்ததும் சிவப்பு எழுந்தது. பூமியைச் சுற்றி அந்த நேரத்தில் எங்கெல்லாம் சூரியன் உதித்துக்கொண்டும் மறைந்துகொண்டும் இருக்கிறதோ, அந்த வெளிச்சமெல்லாம் காற்று மண்டலத்தில் வளைந்து போய் நிலாவில் விழுகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். ஒலிபெருக்கி வைத்தது தவறு. அதை அணைத்த பிறகுதான் எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். நிலவொளி போனதும் அதுவரை தெரியாத விண்மீன்கள் எழும்பின. சற்றுக் கிழக்கே சனியும் தெளிவாக நின்றது. நள்ளிரவு தாண்டி வீட்டுக்குப் போகும்படி சொன்ன மகனை அப்பத்தா அனுப்பிவிட்டு, தான் மட்டும் இருந்தார். 1.26-க்கு விட்டதும் எழுந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு கைப்பிடிச் சுண்டல். எப்போது எடுத்து முடிந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அதை நின்றபடியே தின்று முடித்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். எங்கள் கட்சி வென்றதா, அவர் கட்சி வென்றதா என்று செயற்குழுவில் இன்றுவரை முடிவாகவில்லை.

சனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ச் 23-இல் சனியின் வளையங்கள் பூமிக்கு நேர் விளிம்பாகத் திரும்பின. பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை போல நடப்பது. அப்போது சனி சூரியனுக்குப் பக்கத்தில் இருந்ததால் பார்க்க முடியவில்லை. செப்டம்பர் முதல் பார்த்தபோதும் வளையம் ஒரு கோடாகத்தான் தெரிந்தது, ஊசியில் குத்திய சுண்டைக்காய் மாதிரி. படத்தில் பார்த்த வளையத்தைத் தேடி வந்த பிள்ளைகள் "வளையம் கழன்றுவிட்டதா அக்கா?" என்று கேட்டார்கள். பெரியவர்களின் கவலை வேறு. "சனியை நாமாகப் போய்ப் பார்க்கலாமா?" என்று தயங்கி நின்ற பெண்கள் பலர். சனிப்பெயர்ச்சி எப்போது என்று கேட்டவர்களும் உண்டு. அந்த ஆண்டு திருக்கணிதம் மார்ச் 29 என்றது, வாக்கியம் 2026 என்றது. பஞ்சாங்கங்களுக்குள்ளேயே உடன்பாடில்லாத கேள்வியில் நாம் நுழையவில்லை. சங்க காலத்தில் இதற்கு மைம்மீன் என்று பெயர் என்று மட்டும் சொன்னோம். ஒரு தமிழாசிரியர் அதைக் கேட்டுவிட்டு இரண்டாம் முறை வரிசையில் போய் நின்றார்.

சனியின் வரிசையில் எல்லோரும் கேட்ட கேள்வி: "ஏன் ஓடுகிறது?" 120 மடங்கு உருப்பெருக்கத்தில் எதுவும் ஒன்றரை நிமிடத்தில் ஓரத்துக்குப் போய்விடும். ஓடுவது சனி அல்ல, நாம் நிற்கும் தரை என்று சொன்னதும் ஒரு சிறுவன் கண்ணை ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) வைத்தபடியே பக்கத்தில் நின்ற அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அக்டோபரில் லெமன் வால்வெள்ளி. 21-ஆம் தேதி பூமிக்கு மிக அருகே வந்தது. அதற்கு முதல் நாள் தீபாவளி, அதற்கு நான்கு நாள் முன்பு வடகிழக்குப் பருவமழை. மேகம், அதன் கீழே வெடிப்புகை. துண்டறிக்கை அச்சடித்திருந்தோம். அவற்றின் மறுபக்கத்தைக் கணக்குப் போடப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

டிசம்பர் 13 இரவு, மிதுன விண்கல் பொழிவு. 1983-இல் கண்டறியப்பட்ட ஃபைத்தான் என்ற சிறுகோள் விட்டுச்சென்ற துகள்கள் காற்றில் எரிவதுதான் இது. தேய்பிறை நிலா நள்ளிரவுக்குப் பிறகே எழும் என்பதால் நல்ல வாய்ப்பு. மழையும் அன்று விட்டிருந்தது. தடை ஒன்றுதான், அந்த ஹைமாஸ்ட்.

எட்டு மணிக்கு டீக்கடைக்காரர் வந்தார். "ஆண்டுக் கடைசி வந்துவிட்டது. என் நட்சத்திரம் எங்கே?" அந்த நேரத்தில் ரேவதி நேர் உச்சியில். விளக்கை ஒன்றும் செய்ய முடியாததால் அது தெரியவில்லை என்பதையும், விண்ணப்பத்தின் கதையையும் ஒருவழியாகச் சொன்னோம். அவர் கடைசிவரை கேட்டார். "இதற்கா ஆண்டு முழுக்க அலைந்தீர்கள்?" என்றார். சுவிட்ச் பெட்டி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சாவிக்குரியவரையே கையோடு அழைத்துவந்தார். வந்தவர், "அசுவினி தெரியுமா?" என்று எங்களிடம் கேட்டு, தெரியும் என்று நாங்கள் சொன்ன பிறகே பெட்டியைத் திறந்தார்.

விளக்கு அணைந்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும் என்றோம். நாய்கள் குரைத்தன. பிறகு மெல்ல மெல்ல வானம் நிரம்பியது. அந்த ஊர்ப் பிள்ளைகளில் சிறியவர்கள் தங்கள் கண்மாய்க் கரையில் அத்தனை விண்மீன்களைப் பார்த்ததே இல்லை. டீக்கடைக்காரரைப் பாயில் படுக்கவைத்து, மீன மண்டலத்தின் மங்கிய கோட்டை ஒவ்வொரு புள்ளியாக எண்ணிக் காட்டினோம். "அதுவா? இவ்வளவு சின்னதா?" என்றார். பிறகு குழலில் காட்டினோம். ரேவதி அங்கே ஒன்றல்ல, இரண்டு. பெரியதும் அதன் பக்கத்தில் சிறியதுமாக ஒட்டி நிற்கும். வெறுங்கண்ணில் இது தெரியாது. அவர் வெகுநேரம் பார்த்தார். என்ன நினைத்தார் என்று கேட்கவில்லை. அரை மணி நேரம் என்று சொல்லி அணைத்த விளக்கை இரண்டு மணிக்கு மேல்தான் போட்டார்கள். விண்கற்களை யாரும் எண்ணவில்லை. ஒவ்வொன்றுக்கும் கரையில் எழுந்த சத்தத்தால் அண்டை ஊர்க்காரர்கள் என்னவோ ஏதோ என்று டார்ச்சோடு வந்துவிட்டார்கள். வந்தவர்களின் டார்ச்சுக்கும் சிவப்பு செல்லோபேன் சுற்றிப் பாயில் உட்கார வைத்தோம்.

இழப்புகள்: அழகர்கோவில் பக்கம் போனபோது குழலின் முன்மூடியைக் குரங்கு எடுத்துக்கொண்டு மரமேறியது, திரும்பவில்லை. இப்போது சோற்றுத்தட்டு ஒன்றைக் கவிழ்த்து மூடுகிறோம், பொருத்தமாக இருக்கிறது. ஐபீஸ்களில் கண்மை படிகிறது. சேலை முந்தானையாலோ சட்டைத்துணியாலோ துடைக்க வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதன்மைக் கண்ணாடியின் அலுமினியப் பூச்சு மங்கிவிட்டது. மறுபூச்சுக்கு அனுப்ப வேண்டும். வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நுழைவுக் கட்டணம் இந்த ஆண்டும் வாங்கவில்லை.

2026-இல் கவனிக்க வேண்டியவை: மார்ச் 3 மாலை நிலா எழும்போதே கிரகணம் பிடித்த நிலையில் எழும், ஏழு மணிக்குள் விட்டுவிடும் என்பதால் கிழக்கு அடிவானம் திறந்த இடமாகப் பார்க்க வேண்டும். விடுதி மாணவிகள் கடிதமில்லாமல் வரக்கூடிய கிரகணம் இது ஒன்றுதான். சூன் 9-ஐ ஒட்டி வெள்ளியும் வியாழனும் மாலை வானில் நெருங்கும். ஆகஸ்ட் 12, 13 இரவுகளில் பெர்சீயஸ் விண்கற்கள், அமாவாசை இருட்டில்.

இறுதியாண்டு மாணவர்கள் ஏழு பேர் இந்த ஏப்ரலோடு போகிறோம். குழலைத் தனியாக நிறுவி, ஃபைண்டரைச் சரிப்படுத்தத் தெரிந்தவர்கள் அந்த ஏழு பேரும்தான். இது எங்கள் பிழை. காட்டுவதில் இருந்த ஆசையில் கற்றுக்கொடுக்க மறந்துவிட்டோம். அடுத்த நிகழ்ச்சி முதல் குழலை முதலாண்டு மாணவர்களே தொடுவார்கள். மூத்தவர்கள் வரிசையைப் பார்த்துக்கொள்வோம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். டிசம்பர் 13 இரவுக்குப் பிறகு 25 மி.மீ. ஐபீஸ் பெட்டியில் இல்லை. எடுத்தவர் யாராக இருந்தாலும், கேள்வி கேட்க மாட்டோம், வெள்ளிக்கிழமைக்குள் அலமாரியில் துப்பட்டாவுக்குக் கீழே வைத்துவிடவும்.

செயலாளர்